ஆற்றைக் கடந்து வந்த கழகம்

ஷெப்பர்ட்டன் பக்கம் புதிதாக வந்து குடியேறும் எமது குடும்பங்கள் ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனிப்பார்கள். ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அயலில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். வாசலில் நின்ற கார்களையும் காணோம். எங்கே போய்விட்டார்கள் என்று விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: "ஃபூட்டி".

நாங்களும் முதல் இரண்டு வருடம் அதைப் பற்றி அக்கறைப்படவில்லை. ஐந்து வருட வீசாவைத் தந்து, நாட்டுப்புறத்தில் வேலை செய்தால் பிறகு பார்ப்போம் என்று அரசாங்கம் சொன்னபடியால் இந்தப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். வேலை, வீட்டு வாடகை, ஊருக்குப் போன், மறுபடி வேலை. இதற்குள் முட்டை வடிவான பந்தை ஆர் எங்கே உதைத்தால் எங்களுக்கென்ன என்றுதான் இருந்தோம்.

எங்களை மாற்றியது தொழிற்சாலையில் எங்களோடு நின்று பழம் தரம் பிரிக்கும் ஒரு அம்மா. இந்த மண்ணின் பூர்வீகக் குடிகளில் ஒருவர். அவரை எல்லோரும் 'ஆன்ரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்தமோ இல்லையோ, மூத்தவர்களை 'அங்கிள்', 'ஆன்ரி' என்றுதான் அழைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. நாங்கள் ஊரில் பழகியதும் அப்படித்தானே! அதனால் அவரோடு கதைப்பது எங்களுக்குச் சுகமாக இருந்தது.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் ஆன்ரி கேட்டார், "உங்கட ஊரில இப்ப ஆர் இருக்கினம்?" என்று. 1990ஆம் ஆண்டு ஊரை விட்டு எழும்பிய கதையைச் சொன்னோம். பல வருடம் அங்கே ஆமிதான் இருந்தது, நாங்கள் பிறந்ததே முகாமில்தான் என்றும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு ஊர் இருக்கு, ஆத்துக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை வாங்கோ, காட்டுறன்" என்றார். ஆற்றங்கரைக்குத்தான் கூட்டிப் போகப்போகிறார் என்று நினைத்து சாப்பாட்டுப் பார்சலும் கட்டிக்கொண்டு போனோம். அவர் கூட்டிக்கொண்டு போனது ஒரு விளையாட்டு மைதானத்துக்கு!

றம்பலாறா கழகத்தின் மைதானம் அது. அன்று தொட்டு அந்தக் கழகத்தின் கதையைப் பலரிடமும் கேட்டு அறிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள்

முதலில் விளையாட்டு விளங்க வேண்டும். நாங்கள் ஊரில் ஆடிய உதைபந்தாட்டம் அல்ல இது. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். இரண்டு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடு இரண்டு கம்பங்களுக்குள்ளால் உதைத்தால் 6 புள்ளி. ஓரத்துக் கம்பங்களுக்குள்ளால் போனால் 1 புள்ளி மட்டும். பந்தைக் கையால் எறியக்கூடாது. ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முட்டியால் குத்திக் கொடுக்கலாம். தூரத்திலிருந்து உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் ஏந்தினால், இடைஞ்சல் இல்லாமல் நின்று உதைக்கும் உரிமை கிடைக்கும். அதற்காக ஒருவர் தோளில் மற்றவர் முழங்காலை ஊன்றி மேலே பாய்வதைப் பார்க்கும்போது எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. நான்கு கால்பகுதிகள் ஆடுவார்கள்.

இந்த விதிகளை 1859ஆம் ஆண்டு மெல்பேர்ண் நகரில் எழுதினார்கள். ஆனால் அதற்கு முன்பே இந்நாட்டுப் பூர்வீகக் குடிகள் பொசம் என்ற மிருகத்தின் தோலால் செய்த பந்தை உயர உதைத்து, பாய்ந்து பிடித்து விளையாடி வந்தார்கள். அதை மார்ன்குறூக் என்பார்கள்.

ஓர் ஊரின் கழகம் என்றால் ஒரு அணி மட்டுமல்ல. சின்னப் பெடியள், இளைஞர்கள், இரண்டாம் அணி, பெரிய அணி என்று காலையிலிருந்தே ஆட்டம் நடக்கும். பக்கத்துத் தளத்தில் பெண்களும் பெண்பிள்ளைகளும் வலைப்பந்தாட்டம் ஆடுவார்கள். எங்கள் தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்காக உலகக் கிண்ணத்தில் ஆடிய அதே வலைப்பந்தாட்டம்தான். கார்களை மைதானத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, குளிருக்குக் காருக்குள்ளேயே இருந்து பார்ப்பவர்களும் உண்டு. தங்கள் பக்கம் 6 புள்ளி எடுத்தால் எல்லோரும் கோர்ன் அடிப்பார்கள். முதன்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கள் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

கம்மராகுஞ்சா

இனிக் கதைக்கு வருவோம். ஷெப்பர்ட்டனிலிருந்து வடமேற்கே போனால் பார்மா என்ற சிற்றூர் வரும். அங்கே மறே ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் விக்ரோறியா, அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். ஆற்றின் இரு கரையும் யோட்டா யோட்டா மக்களின் நிலம். அவர்கள் மறே ஆற்றை டுங்காலா என்றும், ஷெப்பர்ட்டனால் ஓடும் கோல்பேர்ண் ஆற்றை கையேலா என்றும் சொல்வார்கள்.

வெள்ளைக்காரர் வந்து மந்தைகளை விட்டு நிலத்தைப் பிடித்த பிறகு, மிஞ்சிய மக்களை வைத்து 1874இல் டானியல் மத்தியூஸ் என்ற மிசனறியும் மனைவியும் மலோகா என்ற இடத்தில் ஒரு மிசனைத் தொடங்கினார்கள். 1881இல் அங்கே ஒரு ஆசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் தோமஸ் ஷட்றக் ஜேம்ஸ். வாசகர்களே, இவர் வெள்ளைக்காரர் அல்ல. மொறீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எங்கள் தமிழர்களும் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவு. கடல் கடந்து வந்த அந்த மனிதர் இந்த மக்களுக்குள்ளேயே கலியாணம் செய்து, நாற்பது வருடமளவில் அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பகலில் வேலை செய்த பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தார். மனுக்களை எழுதவும், மேடையில் பேசவும் தெரிந்த ஒரு தலைமுறை அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

1888இல் மலோகா மக்கள் ஆற்றோரமாகச் சற்றுத் தள்ளி, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு மாறினார்கள். அதுதான் கம்மராகுஞ்சா. 'எங்கள் வீடு' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். காடு வெட்டி, கோதுமை விதைத்து, தங்கள் பாட்டில் நிற்கக்கூடிய ஊராக அதை ஆக்கினார்கள். ஆனால் நிலம் விளையத் தொடங்கியதும் அரசாங்கத்தின் பாதுகாப்புச் சபை, குடும்பங்களுக்குக் கொடுத்த காணித் துண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரிலும் இந்த அர்த்தம் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

அந்த ஊரின் உதைபந்து அணிக்கு 'வெல்லமுடியாதவர்கள்' என்று ஒரு பட்டப்பெயர். சுற்றியிருந்த வெள்ளைக்கார ஊர்களோடு லீக்கில் ஆடி, ஆறு பருவங்களில் ஐந்து முறை கிண்ணத்தை எடுத்தார்களாம். "அதுக்குப் பிறகு லீக் என்ன செய்தது தெரியுமோ?" என்று ஆன்ரி கேட்டார். "இருபத்தைந்து வயசுக்கு மேற்பட்டவை எங்கட அணியில ஆடக்கூடாது எண்டு சட்டம் போட்டவை. மற்ற ஊருகளுக்கு அந்தச் சட்டம் இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. தரப்படுத்தலால் படிப்பை இழந்தவர்கள் எங்கள் தகப்பன்மார் காலத்திலே இருந்தார்கள்.

ஓடுவதிலும் அந்த ஊரார் கெட்டிக்காரர். 1928இல் ஸ்ரோவல் என்ற ஊரில் நடக்கும் புகழ்பெற்ற பரிசு ஓட்டத்தில் வென்றவர் லிஞ் கூப்பர். கம்மராகுஞ்சாத் தலைவர் வில்லியம் கூப்பரின் மகன்.

சின்ன மனிதர், பெரிய பெயர்

1906இல் கம்மராகுஞ்சாவில் பிறந்தவர் டக்ளஸ் நிக்கல்ஸ். ஜேம்ஸ் ஆசிரியரிடம் படித்தவர். 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மந்தை வேலைக்குப் போனார். உயரம் 5 அடி 2 அங்குலம்தான். ஆனால் அவருடைய ஓட்டத்தைப் பிடிக்க ஆளில்லை. தொங்காலா என்ற ஊருக்காக ஆடிய பின் 1927இல் மெல்பேர்ணில் கார்ல்ட்டன் கழகத்தில் சேரப் போனார். அங்கே அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, உடல் பிடித்துவிடும் வேலையாட்கள் அவரைத் தொட மறுத்தார்கள். திரும்பி வந்துவிட்டார்.

ஊருக்குப் போய்விடவில்லை. நோர்த்கோட் கழகத்தில் சேர்ந்து 1929இல் அந்த அணியோடு கிண்ணம் எடுத்தார். 1932 தொடக்கம் 1937 வரை பிற்ஸ்றோய் கழகத்துக்கு ஆடினார். 1935இல் விக்ரோறியா மாநில அணியிலும் இடம் கிடைத்தது. பிறகு போதகராகித் தன் மக்களுக்காகவே உழைத்தார். 1972இல் 'சேர்' பட்டமும், 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநர் பதவியும் அவரைத் தேடி வந்தன. 1988இல் காலமானபோது கம்மராகுஞ்சாவில்தான் அடக்கம் செய்தார்கள். தொட மறுக்கப்பட்ட அந்த மனிதரின் பெயரைத்தான் 2016 தொடக்கம் பெரிய லீக் தன் பூர்வீகக் குடிகள் சுற்றுக்கு வைத்திருக்கிறது.

1939, பெப்ரவரி 4

இப்போது நாங்கள் எழுதப்போவதை எமது வாசகர்கள் இரண்டாம் முறை விளங்கப்படுத்தத் தேவையில்லாமலே உணர்வார்கள்.

1930களில் கம்மராகுஞ்சாவின் நிலைமை மோசமாகியது. கூப்பன் சாமான்கள் போதாது. நோய் பரவியது. மேற்பார்வையாளரை எதிர்த்துக் கதைத்தால் ஊரைவிட்டு வெளியேற்றம். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோன கொடுமையும் முன்பே நடந்திருந்தது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப் போனார்கள். வில்லியம் கூப்பர் 1,814 பேரிடம் அடையாளம் வாங்கி இங்கிலாந்து அரசருக்கு எழுதிய மனுவை அவுஸ்திரேலிய அரசாங்கம் அனுப்பவேயில்லை. அதே கூப்பர் 1938 டிசம்பரில், ஜேர்மனியில் யூதர்களுக்கு நடந்த கொடுமையைக் கண்டித்து மெல்பேர்ணில் இருந்த ஜேர்மன் தூதுவரகத்துக்கு ஊர்வலமாகப் போனார். தன் வீடு எரியும்போதும் அடுத்தவன் வீட்டு நெருப்பைப் பார்த்து ஓடிய மனிதர் அவர்.

1939 பெப்ரவரி 4ஆம் திகதி ஏறக்குறைய 200 பேர் எழும்பினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மறே ஆற்றைக் கடந்து விக்ரோறியாப் பக்கம் பார்மாவில் வந்து கூடாரமடித்தார்கள். அவர்களுக்குக் குரல் கொடுத்த ஜாக் பற்றன் கைதானார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் எழும்பி செம்மணி வெளியால் நடந்ததை எங்களுக்குப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தவர்களுக்கும் திரும்பிப் போகும் நாள் என்று ஒன்று இருந்தது. சிலர் போனார்கள். பலர் போகவில்லை. பழம் பிடுங்க, தக்காளி பிடுங்க, தொழிற்சாலையில் தகரத்தில் அடைக்க என்று ஷெப்பர்ட்டனுக்கும் மூறூப்னாவுக்கும் நடந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையில் கோல்பேர்ண் ஆற்றின் வெள்ளம் வரும் பள்ளத்தில் சாக்காலும் தகரத்தாலும் குடிசை போட்டார்கள். 1954இல் எலிசபெத் மகாராணி வந்தபோது, அந்தக் குடிசைகள் மகாராணியின் கண்ணில் படக்கூடாதென்று வீதியோரமாகச் சாக்குத் திரை கட்டினார்களாம்.

1958இல் மூறூப்னாவில் அவர்களுக்காக 10 கொங்கிறீற் வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர்தான் றம்பலாறா. 'வானவில்லின் முடிவு' என்று பொருள் சொல்வார்கள்.

மைதானம் இல்லாத அணி

ஊரை விட்டு வந்தாலும் பந்தை விடவில்லை. 1940களில் இந்தப் பக்கத்திலேயே தங்கள் மக்களைச் சேர்த்து ஓர் அணியை ஆட விட்டார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு அரை நூற்றாண்டு காலம் அவர்களின் பெடியள் சிதறி மற்றவர்களின் கழகங்களுக்கு ஆடினார்கள். "எங்கட ஆக்கள் வெற்றி எடுத்துக் குடுப்பினம். விருந்து எண்டு வரேக்க வாசலில நிப்பினம்" என்றார் ஆன்ரியின் தமையன்.

எங்கள் பெயரில் எங்களுக்கென்று ஒரு கழகம் வேண்டும் என்று போல் பிறிக்ஸ் போன்றவர்கள் முன்னின்று கேட்டார்கள். லீக்குகள் ஒருமுறையல்ல, பலமுறை மறுத்தன. கடைசியில் 1997ஆம் ஆண்டு சென்றல் கோல்பேர்ண் லீக்கில் றம்பலாறா சேர்க்கப்பட்டது. ஆற்றைக் கடந்து 58 வருடம் கழிந்திருந்தது! இதை நாங்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தோம். எங்களில் பலருடைய வயதைவிடக் கூட.

சேர்ந்த பின்பும் இலேசாக இருக்கவில்லை. மைதானத்திலும் வேலியோரத்திலும் நிறத்தைச் சொல்லி ஏசியவர்கள் இருந்தார்கள். 1994இல் யோட்டா யோட்டா மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கும், 2002 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. அவர்களின் பழைய வழமைகள் காலவெள்ளத்தில் அடிபட்டுப் போய்விட்டன என்பதுதான் கீழ் நீதிமன்றம் முன்பு சொன்ன காரணம். அந்தத் தீர்ப்பு வந்த காலத்திலும் சனிக்கிழமைகளில் பேரனுக்குப் பாட்டி சப்பாத்து நாடா கட்டிவிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கழகம் பந்தோடு நிற்கவில்லை. பெடியளுக்கு வேலை தேடிக் கொடுப்பது, உடல்நலம் பார்ப்பது, படிப்பைக் குழப்பாமல் வைத்திருப்பது எல்லாம் அதற்குள் வந்தன. 2004இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விளையாட்டு, சுகாதாரம், கல்வி மூன்றுக்குமாக ஷெப்பர்ட்டனில் ஒரு கல்விக்கூடத்தையும் திறந்தார்கள். ஜேம்ஸ் ஆசிரியர் தொடக்கிய வேலை முடியவில்லை.

எங்களுக்கு என்ன?

இதையெல்லாம் ஏன் எங்கள் சஞ்சிகையில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்களில் ஒருவரின் பெரியப்பா ஊரில் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தவர். 1990இல் எழும்பும்போது நகையை மனைவி எடுக்க, அவர் கழகத்தின் பதிவுக் கொப்பியையும் றப்பர் முத்திரையையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மைதானம் வேலிக்கு அந்தப் பக்கம். ஆனால் முகாமில் ஊரின் பெயரிலேயே அணி இருந்தது. கடிதம் எழுதினால் அந்த முத்திரை விழும். "விளையாட நிலம் இல்லை, இவருக்கு முத்திரை கேக்குதாம்" என்று அப்போது சனம் பகிடி பண்ணியது. நாங்களும் சிரித்தவர்கள்தான். றம்பலாறா மைதானத்தில் நின்றபோது பெரியப்பாவை நினைத்து வெட்கப்பட்டோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. வாசகர்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகளை இந்த நாட்டுக் கழகங்களில் சேர்ப்பதா, எங்களுக்கென்று ஊர்ப்பெயரில் ஒரு அணி தொடங்குவதா என்று. சேர்த்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு பகுதி. தனியே நின்றால் ஒதுங்கிவிடுவோம் என்று மறுபகுதி. போன கூட்டத்தில் இது சண்டை அளவுக்குப் போய், இரண்டு குடும்பங்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை.

ஆன்ரியின் தமையனிடம் இதைச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் அம்பது வருசம் மற்றவையின்ர சட்டையைப் போட்டு ஆடினம். அதால ஆட்டத்தை மறக்கேல்லை. ஆனா எங்கட சட்டை எங்களுக்கு வேணும் எண்டு கேக்கிறதையும் விடேல்லை." எங்கள் வாக்குவாதத்துக்கு இது முழுப் பதில் அல்ல. நாங்கள் விரும்பி வந்து இறங்கிய அந்நியர். அவர்கள் தங்கள் நிலத்திலேயே அந்நியராக்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சரியல்ல. நாங்கள் வீடு வாங்கும் காணியும் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இரண்டையும் செய்யலாம், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை என்று அவருடைய பேச்சிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்த வருடம் எங்கள் வீட்டு மூத்தவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். ஞாயிறு பின்னேரம் பூங்காவில் ஊர்ப்பெயரில் கரப்பந்தாட்டமும் நடக்கிறது. முகம் பார்க்காத இரண்டு குடும்பத்துப் பெடியளும் அங்கே ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். பெரியவர்கள்தான் இன்னும் வரவில்லை.

போக விரும்புவோருக்கு

மெல்பேர்ணிலிருந்து ஷெப்பர்ட்டன் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். சதேர்ன் குறொஸ் நிலையத்தில் ரயிலும் உண்டு. ஊருக்குள் ஒரு கட்டடச் சுவரில் வில்லியம் கூப்பரையும் டக்ளஸ் நிக்கல்சையும் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். முதலில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூறூப்னாவுக்குப் போகும் வீதியில் பாலங்களைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தெரியும் மரங்கள் நிறைந்த பள்ளத்தைப் பாருங்கள். குடிசைகள் இருந்தது அந்தப் பக்கத்தில்தான். 2022 ஒக்ரோபரில் இந்தப் பகுதியில் வந்த பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆட்டம் பார்க்கப் போவதென்றால் கம்பளி, பிளாஸ்கில் தேநீர், மடக்குக் கதிரை கொண்டுபோங்கள். ஆடி மாதக் குளிர் எலும்புக்குள் போகும். கன்ரீனில் இறைச்சிப் பையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கிடைக்கும். அங்கே வாங்கும் ஒவ்வொரு டொலரும் கழகத்துக்குத்தான் போகும் என்பதால் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாலும் ஒரு தேநீராவது வாங்குங்கள். வயதானவர்களைக் கண்டால் 'அங்கிள்', 'ஆன்ரி' என்று கூப்பிடுங்கள். அது எங்களுக்குப் பழக்கமானதுதான்.

அன்று நாங்கள் கட்டிக்கொண்டு போன புட்டும் மீன்குழம்பும் கடைசியில் ஆன்ரியின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் போனது. உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இரண்டாம் தரமும் கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள். புட்டோடு.